முழுகாதவர்களின் முகாம்

போன மாதம் தேனியில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. இலங்கையிலிருந்து வந்திருப்பவர்களின் முகாம்களில் வேலை பார்க்கப்போகும் இளம் செவிலியர்களுக்கான வகுப்பு. 'போரால் இடம்பெயர்ந்த மகளிரின் உடல்நலமும் மனநலமும்' என்று மேடைக்குப் பின்னால் நீளமாகத் துணி கட்டியிருந்தார்கள். அந்தத் துணியில் நாலு பேருக்குப் பாவாடை தைத்திருக்கலாம். நான் பழைய ஆள் என்பதால் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்து வந்த பெண்களின் முகாமில் வேலை பார்த்தேன். பெரும்பாலும் எல்லாரும் முழுகாமல் இருந்தவர்கள்" என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் கையைத் தூக்கி, "அங்கே தண்ணீர் வசதி இல்லையா, மேடம்?" என்று கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமானது. நான் சிரித்து முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதென்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெண் என்னைத் தப்பாக நினைத்திருக்கும். அதற்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் அருளாயி. கம்பம் பள்ளத்தாக்கில் கிறிஸ்தவர்கள் நிறைந்த ஒரு கிராமம் என்னுடையது. கோயில் பள்ளிக்கூடத்தில் படித்து, மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவத் தாதிப் பயிற்சி முடித்தேன். பயிற்சியில் பெரிதாகக் கற்றது இரண்டு காரியம். கையைக் கழுவு, வாயை மூடு. முதலாவதை இன்றுவரை விடாமல் செய்கிறேன்.

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, அங்கே அரிசி ஆலையிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்த நம் சனங்கள் காட்டுக்குள்ளும் மலைமேலுமாக மாதக்கணக்கில் நடந்து வந்தார்கள். வழியில் செத்தவர்கள் போக மீந்தவர்களை ரயிலேற்றிச் சொந்தச் சீமைக்கு அனுப்பினார்கள். எங்கள் பக்கம் அந்த நேரத்தில் ரயிலும் இல்லை. போடித் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். கரியைப் போட்டு ஓட்டும் பஸ்ஸில் இருமிக்கொண்டே வந்து இறங்கினார்கள். கூட்டிப்போக ஆள் வராதவர்களைக் கூடலூருக்கு வெளியே, வாய்க்கால் கரையில் இருந்த ஒரு பழைய ஏலக்காய்க் கிட்டங்கியில் தங்கவைத்தார்கள். முக்கால்வாசி பெண்களும் குழந்தைகளும்தான். கிட்டங்கியின் சுவர், தரை எல்லாம் ஏலக்காய் வாசனை ஊறிப்போயிருந்தது. எலும்பும் தோலுமாக வந்தவர்கள் பாயச வாசனையில் படுத்துப் பட்டினி கிடந்தார்கள்.

முகாமுக்கு அதிகாரியாக ஒரு துரையைப் போட்டார்கள். மேகமலையில் தேயிலைத் தோட்டம் நடத்தித் தலை நரைத்தவர். தமிழ் தெரிந்த வெள்ளைக்காரர் என்பதால் அவருக்கு இந்த வேலை. தெரியும் என்பது உண்மைதான். கங்காணியிடம் கற்ற தமிழ். அதில் 'போ' உண்டு, 'வா' உண்டு, 'நிறுத்து' உண்டு. கேள்விகூடக் கொஞ்சம் உண்டு. பதிலைக் காதில் வாங்கும் பழக்கம் மட்டும் கிடையாது. கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டுவார், சந்தோஷம் வந்தாலும் அதையேதான் செய்வார். இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது எங்கள் பாடு.

முதல் நாள் காலையில் பெண்களை வரிசையில் நிறுத்தி அவரே விசாரணை ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"என்ன சீக்கு? சொல்லு!"

முதலில் நின்ற பெண் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். "நாலு மாசமா முழுகல, நர்சம்மா."

அடுத்தவள், "நானும் முழுகாமத்தான் இருக்கேன்" என்றாள்.

மூன்றாமவள், "எனக்கும் பர்மாவுல முழுகுனதுதான். பெறகு இல்ல."

துரை நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார். "நாலு மாசம்! ஏ, நீ ஏன் முழுகல? தண்ணி இல்லே?"

"தண்ணிக்கு என்ன தொரை, வாய்க்கால் பூராம் ஓடுது. முழுகத்தான் வரல."

"வரும்! நான் சொல்றேன், வரும்!"

மூக்குக்கண்ணாடிப் பெண்ணே, இப்போது நீயும் தெரிந்துகொள். எங்கள் பக்கத்தில் மாதவிலக்கான பெண் மூன்று நாள் ஒதுங்கியிருந்து பிறகு தலைக்குக் குளிப்பாள். அதுதான் முழுகுவது. நாள் தள்ளிப்போய், அந்தக் குளியலுக்குத் தேவை வராமல் இருந்தால், முழுகாமல் இருக்கிறாள் என்பார்கள். அதாவது, வயிற்றில் பிள்ளை. தினம் இரண்டு வேளை வாய்க்காலில் விழுந்து எழுந்தாலும் முழுகாதவள் முழுகாதவள்தான். இந்த நுணுக்கத்தைத் துரைக்குக் கங்காணி சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்றைக்கே உத்தரவு போட்டார். ஆளுக்கொரு துண்டு பார் சோப்பு. எல்லாப் பெண்களையும் வாய்க்காலுக்கு ஓட்டிப்போய், அவர் மரத்தடியில் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க, நான் உள்ளே இறங்கி எல்லாரையும் முழுக வைத்தேன். உண்மையைச் சொன்னால், பெண்களுக்குச் சந்தோஷம்தான். மலையைத் தாண்டி வந்தபிறகு ஒரு முழுக் குளியல் அன்றைக்குத்தான் கிடைத்தது. யாரோ ஒருத்தி யார்மீதோ தண்ணீரை வாரி அடித்தாள். சிரிப்புச் சத்தத்தை அந்தக் கூட்டத்தில் முதன்முதலாகக் கேட்டேன்.

சாயந்திரம் துரை வரிசையைத் திரும்ப நிறுத்தி, "இப்போ முழுகியாச்சா?" என்றார். "இல்ல தொரை" என்று ஒரே குரலில் பதில் வந்தது. தொப்பி தொடையில் அடிபட்டது. இதற்குமேல் தாங்காது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷைச் சேர்த்துக் கட்டி, "சார், நோ பாத். பேபி" என்றேன்.

அவருக்கு விளங்க வெகுநேரம் பிடித்தது. வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். "ஆல்?" என்றார். "ஆல், சார்" என்றேன். நானும் அப்படித்தான் நம்பினேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தபடி அது நிற்பதற்குக் காரணம் ஒன்று பிள்ளை, இல்லாவிட்டால் வயது. இவர்களுக்கு வயதாகவில்லை.

அதற்குப் பிறகு துரையைக் கையில் பிடிக்க முடியவில்லை. முழுகாதவர்களுக்கெல்லாம் தினம் ஒரு டம்ளர் பால் என்று எழுதி அனுமதி வாங்கினார். அதற்கு மட்டும் அவருக்குச் சொர்க்கத்தில் ஒரு நாற்காலி கிடைக்க வேண்டும். அதோடு நின்றாரா? மேகமலையிலிருந்து மரம் இறக்கித் தொட்டில் செய்யச் சொன்னார். தச்சர் செய்து அடுக்க அடுக்க, படுக்க இடமில்லாமல் பெண்கள் வெளியே வந்தார்கள். கடைசியில் அந்தத் தொட்டில்களில் சின்ன வெங்காயம் கொட்டிவைத்தோம். காற்றோட்டம் நன்றாக இருந்தது, வெங்காயம் அழுகவில்லை.

செய்தி கம்பத்துக்குப் போய், அங்கிருந்து பெரிய வீட்டு அம்மாமார் சிலர் வில்வண்டியில் வந்தார்கள். கை நிறையக் கண்ணாடி வளையல். எல்லாருக்கும் சேர்த்து வளைகாப்பாம். போட்டுவிட்ட வளையல் எதுவும் கையில் நிற்கவில்லை. முழங்கைவரை ஏறும், கையைத் தாழ்த்தினால் கழன்று விழும். விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டே ஓர் அம்மாள் என்னிடம் குனிந்து, "இதுகளுக்கெல்லாம் புருஷன் எங்கன இருக்காக?" என்று கேட்டாள். "செலபேரு பர்மாவுல. செலபேரு செத்துட்டாக" என்றேன். அந்த அம்மாள் மீதி வளையலை மடியில் கட்டிக்கொண்டாள். அடுத்த சந்தை கூடுவதற்குள் பள்ளத்தாக்கு முழுக்கப் பேச்சாகிவிட்டது. பர்மாப் பொம்பளைகள் பூராவும் வயிற்றோடு வந்திருக்கிறார்களாம், யாருக்கும் அப்பன் பேர் தெரியாதாம். வளையல் கொடுத்த புண்ணியம் இப்படித் திரும்பி வந்தது.

இந்த நேரத்தில்தான் சாராம்மா டாக்டர் வந்து சேர்ந்தார். திருவிதாங்கூர்க்காரர். வாரத்தில் ஒரு நாள் எங்கள் முகாமைப் பார்ப்பது அவர் பொறுப்பு. குட்டையான உருவம், பெரிய குரல். மலையாளத்தைத் தமிழில் நனைத்துப் பேசுவார். எல்லைக்குப் பக்கத்து ஊர் என்பதால் எங்களுக்கு அது கஷ்டமில்லை. அவருக்குப் பிடிக்காத வார்த்தை 'ஐயோ பாவம்'. யாராவது சொன்னால், "பாவம்னு சொல்லிட்டு நீ வீட்டுல போயி சோறு உண்ணும். அவளுக்கு எந்து கிட்டும்?" என்று பிடித்துக்கொள்வார்.

அவர் ஒரு பெண்ணைப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். இளையவர்கள் கவனிக்க வேண்டும். வந்ததும் வெந்நீரில் கார்பாலிக் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவார். கழுவும்போதே அந்தப் பெண்ணைத் தன் பக்கத்தில் நிற்கவைத்துக்கொள்வார். முதல் கேள்வி, "நின்டெ பேரு எந்தா?" நான் பதில் சொல்லக்கூடாது, அவள்தான் சொல்ல வேண்டும். அடுத்தது, "நீ எவிடே உறங்ஙும்?" எங்கே தூங்குகிறாய் என்று அர்த்தம். வயிற்றைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் தூக்கத்தைப் பற்றிக் கேட்ட டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகுதான் கட்டிலில் உட்காரச் சொல்வார். கீழ் இமையை இழுத்து உள்நிறம் பார்ப்பார். நாக்கு, நகம். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி, விரலை எடுத்துவிட்டுக் காத்திருப்பார். குழி மேலே வருகிறதா, அப்படியே நிற்கிறதா என்று பார்க்க. கையை உரசிச் சூடாக்கிக்கொண்டு, அதன்பிறகுதான் வயிறு.

அப்படி அவர் பார்த்தவர்களில் ஒருத்தி வேலுத்தாய். அவள் கதைதான் இது. ரங்கூனில் அரிசி ஆலை வேலையில் இருந்தான் அவள் புருஷன். குண்டு விழுந்த கலவரத்தில், மார்கழி மாதம், துறைமுகக் கூட்டத்தில் அவனைத் தவறவிட்டாள். அதற்குப்பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை. கைக்குழந்தையாக ஒரு பையன், நடக்கிற வயதில் செல்லம் என்று ஒரு பெண். இரண்டையும் கூட்டிக்கொண்டு மலையேறினாள். பையன் வழியில் செத்துப்போனான். கல்லை அடுக்கி மூடிவிட்டு, செல்லத்தைத் தன் இடுப்போடு சேலைக் கிழிசலால் கட்டிக்கொண்டு மிச்சத் தூரத்தை நடந்தாள். முகாமுக்கு வந்த பிறகும் கட்டை அவிழ்க்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே தண்ணீருக்குப் போவார்கள், சேர்ந்தே ஒதுங்கப் போவார்கள். மற்றப் பிள்ளைகள் செல்லத்தைக் கன்றுக்குட்டி என்று கேலி செய்தார்கள்.

டாக்டர் அவளிடம் எங்கே தூங்குகிறாய் என்று கேட்டார்.

"கதவுகிட்ட, ஒக்காந்துக்கிட்டு" என்றாள் வேலுத்தாய்.

"எதினு கதவு?" ஏன் கதவோரம் என்று அர்த்தம்.

"ஓடணும்னா வெரசா ஓடலாம்ல."

வேலுத்தாய் வயிறு முன்தள்ளி இருந்தது. பார்த்தால் ஐந்து மாதம் சொல்லலாம். டாக்டர் விலா எலும்புக்குக் கீழே இடதுபக்கத்தில் விரல் வைத்து மெல்ல இறங்கினார். என் கையை எடுத்து அதே இடத்தில் வைத்தார். கருங்கல் விளிம்பு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. பிறகு மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். வெறும் குடல் இரைச்சல்தான்.

"இது குட்டியல்ல, கட்டி" என்றார். "மலேரியாவில மண்ணீரல் வீங்கியிருக்கு. காலில நீரு. ரெத்தம் இல்ல. அருளாயி, மனசிலாயோ? இவளுக்கு பிள்ளையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பட்டினி."

"அப்ப ஏன் டாக்டரம்மா முழுகல?"

"அரிசி இல்லாத்த வீட்டில நீ விருந்துக்கு ஆளை விளிக்குமோ? இந்த உடம்புக்கு அத்தற புத்தி உண்டு. சோறு வரட்டும், அதும் வரும்."

அன்று அவர் கிட்டங்கியில் இருந்த ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். உண்மையிலேயே பிள்ளை உண்டாகியிருந்தவர்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்கினார்கள். மற்ற எல்லாருக்கும் உடம்பு நடந்தும் பயந்தும் பசித்தும் தன் கடையை மூடிவிட்டது. துரையிடம் போய் இதைச் சொன்னபோது அவர் ஆடிப்போனார். "அப்போ தொட்டில்?" என்றார். டாக்டர் பாலைப் பற்றிப் பேசினார். பிள்ளைக்குக் கொடுப்பதாக நினைத்ததைத் தாய்க்கே கொடுங்கள், நிறுத்தாதீர்கள் என்றார். துரை யோசித்துவிட்டு, உத்தரவில் 'முழுகாதவர்களுக்கு' என்று இருப்பதால் முழுகாதவரை பால் உண்டு, முழுகினால் நிறுத்து என்று முடிவு சொன்னார். நோய் இருக்கும்வரை மருந்து, குணமாகத் தொடங்கினால் மருந்து கிடையாது. அரசாங்கத்தில் பல வருஷம் வேலை பார்த்த பிறகும் இதைவிடத் தெளிவான உத்தரவை நான் கண்டதில்லை.

புரட்டாசியில் வேலுத்தாயின் மாமியார் சீனியம்மா மாட்டுவண்டியில் வந்தாள். சின்னமனூர்ப் பக்கத்துக் கிராமம். நிலமும் எருமையும் உள்ள குடும்பம். சந்தைப் பேச்சு அவள் காதுக்கு எட்டியிருந்தது. வந்தவள் மருமகளை ஏறெடுத்துப் பார்த்தாள். முகத்தில் நின்ற கண் வயிற்றுக்கு இறங்கி அங்கேயே நின்றது. விரலை மடக்கினாள்.

"மார்கழியில எம்மகனைத் தொலைச்சிட்டு வந்தவ. இப்பப் பொரட்டாசி. பத்து மாசம் ஆகப்போகுது. இந்த வயிறு அஞ்சு மாசம்."

"அத்த, இது பிள்ள இல்ல அத்த" என்றாள் வேலுத்தாய்.

"வாயத் தொறக்காத. எம்பேரனைக் கல்லுக்கடியில போட்டுட்டு, எவம் பிள்ளையவோ வயித்துல தூக்கிக்கிட்டு வந்து நிக்கிற. எம்மகன் பிள்ளையக் குடு. நான் வளத்துக்கிறேன். நீ எங்கனயும் போ."

துரை வந்தார். சொந்தக்காரர் கேட்டால் ஒப்படைக்கலாம் என்பது விதி. "கொழந்தை போ! அம்மா நில்லு!" என்று வண்டியைக் கைகாட்டினார். செல்லம் இடுப்புக் கட்டைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தது. வேலுத்தாய் கத்தவில்லை. இடுப்புக் கட்டின்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள். பிள்ளையைக் கொண்டுபோனால் அன்றிரவே அந்த வாய்க்காலில் இறங்கிவிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

நல்லவேளை, அன்று டாக்டர் வரும் நாள். கை கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக்கையோடு வந்து செல்லத்தின் விரலிடுக்கைப் பிரித்துக் காட்டினார். "சொறி கண்டோ? தொட்டா பகரும். கொண்டுபோனா உங்க வீட்டில ஆளுக்கும் வரும், எருமைக்கும் வரும். கார்த்திகை வரை இவிடே மருந்து போடணும்."

எருமைக்கும் வரும் என்றதும் சீனியம்மா இரண்டடி பின்னால் போனாள். டாக்டர் விடாமல், மருமகள் வயிற்றில் இருப்பது நோய்தான் என்று விளக்கினார். சீனியம்மா முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"மலையாளத்து டாக்டர் சொன்னா வயிறு ஊருக்குத் தெரியாமப் போயிருமாக்கும்? நீங்க படிச்சவுக, என்னமும் சொல்லுவீக. அவ முழுகட்டும். நான் நம்புறேன்."

வண்டி போனபிறகு டாக்டர் என்னிடம், "அவ கேட்டதும் ஞாயம்தான். நம்மகிட்ட அதுக்கு மருந்து இல்ல, சோறுதான் இருக்கு" என்றார்.

சோற்றைக் கொடுத்தோம். மலேரியாவுக்குக் கொய்னா மருந்து, முருங்கைக் கீரை, கேப்பைக் கூழ், கிடைத்த நாளில் ஆட்டு ஈரல், தினம் துரையின் பால். வேலுத்தாய் பாலைச் செல்லத்துக்கு ஊற்றிவிடுவாள் என்பதால் செல்லத்துக்குத் தனியாகக் கஞ்சியைக் கொடுத்து வயிற்றை நிரப்பிவிட்டுத்தான் இவளுக்குப் பால் கொடுப்பேன். கால் நீர் முதலில் வடிந்தது. முடி கொட்டுவது நின்றது. வயிறு மெல்ல மெல்லத்தான் உள்ளே போனது. கதவோரத்தை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, படுத்துத் தூங்க ஆரம்பித்தாள். முழுகத்தான் இல்லை. ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. டாக்டர் தவணை சொன்ன கார்த்திகை நெருங்க நெருங்க எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு காலையில் வேலுத்தாய் என் அறை வாசலில் வந்து நின்றாள். "நர்சம்மா, பழைய துணி இருந்தாத் தாங்களேன்" என்றாள். எதற்கு என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாய் சிரித்தது, கண்ணில் தண்ணீர் ஓடியது. விளங்கியதும் நான் செய்த காரியத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. தாதி உடுப்போடு அந்த இடத்திலேயே குதித்தேன்.

கிட்டங்கிப் பெண்கள் கூடிவிட்டார்கள். அப்போதுதான் இன்னொரு சங்கதி வெளியே வந்தது. பாதிப்பேருக்கு ஏற்கெனவே வந்துவிட்டதாம். பால் நின்றுவிடும் என்று யாரும் மூச்சு விடவில்லை. வேலுத்தாயிடமும் அதையே சொன்னார்கள்.

"சொல்லித் தொலைக்காதடி. பாலு போயிரும்."

"சொல்லாட்டி எம்பிள்ள போயிரும்" என்றாள் வேலுத்தாய்.

வீட்டு ஆம்பிளைக்குக்கூடத் தெரியாமல் பெண்கள் மறைத்து வைக்கும் காரியம் இது. அதை ஊருக்குத் தெரிகிறமாதிரி எப்படிச் சொல்வது? தமுக்கு அடிக்கவா முடியும்? வேலுத்தாயே வழி சொன்னாள். "வயசுக்கு வந்தா ஊரைக் கூட்டித்தான செய்வாக? எனக்கு இன்னொருக்கா செய்யுங்க. குச்சு கட்டுங்க, குலவை போடுங்க. எங்க அத்தைக்குச் சொல்லி விடுங்க. தலைக்குத் தண்ணி ஊத்த அத்தை முறைதான வரணும்?"

சரியான கணக்கு. வேறு எதற்கும் வராமல் இருப்பாள் சீனியம்மா. தலைக்குத் தண்ணீர் ஊற்ற அத்தை என்று முறை வைத்து அழைத்தபிறகு வராமல் இருந்தால் ஊர் அவளைப் பேசும். வெங்காய வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பினோம். வாய்க்கால் ஓரத்தில் பச்சைத் தென்னை ஓலையில் குச்சு கட்டி, பிள்ளை பெற்ற தாயைச் சமைந்த பெண்போல அதற்குள் உட்காரவைத்தோம். செல்லம் குச்சுக்கு வெளியே உட்கார்ந்து, "எங்கம்மா பெரிய மனுஷி ஆயிட்டாக" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

சீனியம்மா வந்தாள். தனியாக வரவில்லை, ஊரில் விவரமான கிழவிகளையும் ஏற்றிக்கொண்டு வந்தாள். யாரிடமும் பேசாமல் நேராகக் குச்சுக்குள் நுழைந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து கிழவிகளைப் பார்த்து, "ஆமா" என்றாள். அவ்வளவுதான். குலவை கிளம்பியது. கிட்டங்கிப் பெண்கள் தொட்டில்களைக் கவிழ்த்துப்போட்டுத் தாளம் தட்டினார்கள். வெங்காயம் நாலாபக்கமும் உருண்டது.

சத்தம் கேட்டுத் துரை ஓடிவந்தார். வாய்க்கால் கரை, வரிசையாகக் குடம், நடுவில் ஒரு பெண்ணுக்குத் தலைமேல் தண்ணீர். தொப்பியைக் கழற்றித் தொடையில் ஓங்கித் தட்டினார். முகம் பூரித்துப் போயிருந்தது. தன்னுடைய முதல் நாள் உத்தரவு கடைசியில் பலித்துவிட்டது என்று நினைத்தார். "நல்லது! ரொம்ப நல்லது! எல்லாம் இப்படி முழுகு!" என்று கூவி, சோப்புக் கொண்டுவரச் சொன்னார். கிழவிகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை.

அத்தோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துரை யோசிக்க ஆரம்பித்தார். வேலுத்தாயைக் காட்டி, "இது முழுகியாச்சு?" என்று என்னிடம் கேட்டார். ஊரே பார்த்ததை இல்லை என்று எப்படிச் சொல்வேன்? "முழுகியாச்சு, சார்." உடனே கடமை முகத்துக்கு வந்தது. "சரி. நாளைக்குப் பால் நிறுத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வந்திருந்த டாக்டர் பல்லைக் கடித்தார். இந்த உடம்புக்கு இன்னும் சில மாதம் பால் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பழைய நிலைதான் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். வேலுத்தாய்க்கும் அது தெரியும்.

சீனியம்மா மருமகளின் தலையைத் துவட்டிவிட்டு, "எந்திரி. பிள்ளையக் கூட்டிக்கிட்டு வண்டியில ஏறு" என்றாள். மன்னிப்பு, சமாதானம் எதுவும் இல்லை. எங்கள் பக்கத்து மாமியார்களிடம் அதற்குமேல் எதிர்பார்க்கவும் முடியாது. வேலுத்தாய் எழுந்திருக்கவில்லை. ஈரச் சேலையோடு மணையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"அத்த, வீட்டுல எருமை கறக்குதா?"

"ரெண்டு கறக்குது. என்னத்துக்கு?"

"தொரை பால நிறுத்திட்டாரு. எனக்குத் தெனமும் பாலு வேணும்."

கிழவிகளின் சிரிப்பு நின்றுவிட்டது. வாயைத் திறந்து பால் கேட்ட மருமகளை அவர்கள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. கறந்தது காப்பிக் கடைக்கும் ஆம்பிளைகளுக்கும் போக, மோரில் தெளிந்த நீர்தான் மருமகள் பங்கு.

"பிள்ளைக்குத்தான கேக்குற?" என்றாள் சீனியம்மா.

"எனக்கு. தாரேன்னு சொல்லுங்க, வாரேன். இல்லாட்டி இங்கனயே இருந்துக்கிறோம்."

சீனியம்மாவுக்கு முகம் கறுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். துவட்டிய துணி அவள் கையிலேயே இருந்தது. அவள் கண் மருமகளின் தோள்பட்டைக்குப் போனது. இத்தனை மாதப் பாலுக்குப் பிறகும் அங்கே எலும்பு துருத்திக்கொண்டுதான் இருந்தது. அந்த எலும்பையே பார்த்துக்கொண்டு நின்றவள், குரல் மாறி வேறொன்று கேட்டாள்.

"ஏத்தா... அந்தப் பய... வழியில பாலு கேட்டானா?"

வேலுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டான் அத்த. கடைசிவரைக்கும் கேட்டான். எங்கிட்ட வத்திப்போச்சு."

சீனியம்மா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பேரன் செத்த சேதி தெரிந்து பல மாதம் ஆகியும் அன்றைக்குத்தான் அவள் அழுததாகக் கூட வந்த கிழவிகள் சொன்னார்கள். வேலுத்தாய் மணையிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

பிறகு சீனியம்மா மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"காப்பிக் கடைக்காரன் வேற எருமையப் பாத்துக்கிரட்டும். கறக்குறது பூராம் ஒனக்குத்தான்டி. எந்திரி" என்று சொல்லி, மருமகளின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, செல்லத்தோடு வண்டியில் ஏற்றிவிட்டு, தான் நடந்தே பின்னால் போனாள்.